பிடிக்காத பிரேக்கும் நம்பாத அப்பாவும்

28 செப்டம்பர், ஞாயிறு

ஹரிபிரசாத் என்கிற என் தம்பி எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியை சைக்கிளில் மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்து சோபாவில் விழுந்தான். "அக்கா, மூச்சு வாங்குது. ஆஸ்துமாவா இருக்குமோ?"

ஆஸ்துமா இல்லை. நான்தான்.

பிரேக் பிடியில் கம்பி நுழையும் இடத்தில் ஒரு குட்டித் திருகு இருக்கும். அதை வெளிப்பக்கமாகத் திருகினால் ரிம்முக்கு இரண்டு பக்கமும் நிற்கும் பிரேக் ரப்பர்கள் உள்ளே நெருங்கி வரும். இன்னும் கொஞ்சம் திருகினால் உரசும். ஓட்டுகிறவன் மாவு மூட்டை இழுக்கிற மாதிரி மிதிப்பான். காரணம் மட்டும் தெரியாது. சாயங்காலம் பழையபடி திருகி வைத்துவிட்டேன். நாளைக்கு அவன் திடீரென்று குணமாகிவிடுவான். நானே நோய், நானே டாக்டர்.

ஆனால் எனக்கு ஒரு சட்டம் உண்டு. பிரேக்கை அதிகமாகப் பிடிக்கவைத்து விளையாடலாம். பிடிக்காமல் செய்து விளையாடக் கூடாது. எனக்குப் பிடித்தவர்களிடம்தானே நான் விளையாடுகிறேன்.

(தமிழில் எழுதுவது பாதுகாப்புக்கு. ஹரிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நான் ஆறாவது வரை கோயம்புத்தூரில் குட்டு வாங்கிப் படித்தவள்.)

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. காலையிலிருந்து அம்மா பார்க்கிங்கில்தான் குடியிருந்தாள். ஊரில் தாத்தாவின் மில்லுக்கே மாலை போட்டுப் பழகிய கை. இங்கே புனே பக்கத்துப் பிம்ப்ரியில் அதற்குக் கிடைத்தது இரண்டு சைக்கிள், அப்பாவின் பைக், ஒரு மிக்ஸி. விட்டுவிடுவாளா? துடை துடை என்று துடைத்தாள். சக்கரத்தில் முகம் பார்த்துத் தலை வாரலாம். பக்கத்து பிளாட் ஆன்ட்டி "நயீ லீ க்யா?", புதுசா வாங்கினீர்களா, என்று கேட்டதில் அம்மா முகம் சக்கரத்தைவிட மின்னியது.

சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை, சுண்டல், பொரி. மிக்ஸிக்கு விபூதிப் பட்டை போட்டுப் பெரியவர் ஆக்கியது மட்டும் நான்.

2 அக்டோபர், வியாழன்

ஐயோ.

காலையில் வாழை இலை வாங்கிவரக் கிளம்பினார் அப்பா. பைக்கை எடுத்தால் மாலை கலைந்துவிடுமாம். என் சைக்கிளை எடுத்தார். போகும்போது ஒன்றுமில்லை, கேட் வரைக்கும் ஏற்றம். வரும்போது பார்க்கிங் சரிவில் இறங்கினார். இறங்கினார், இறங்கினார், இறங்கிக்கொண்டே இருந்தார். இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாட்ச்மேன் ஷிண்டே காகாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, தூணில் போய் நின்றார். நல்லவேளை, காகா டீ குடிக்க எழுந்து போயிருந்தார்.

முழங்கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. இலை கிழியவில்லை. (சிரிக்கக் கூடாது. சிரிக்கவில்லை.)

"அம்மிணி, இது உன் வேலைதானே?"

"சத்தியமா இல்லீங்கப்பா!"

"போன வாரம் ஹரி வண்டில கை வெச்சது யாரு? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

ஐயையோ, தெரியும்! சட்டத்தை விளக்கினேன். அதிகமாகப் பிடிக்கவைப்பது வேறு, பிடிக்காமல் செய்வது வேறு என்று. அப்பா தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவு. அங்கே சாமானே வாய் திறந்து சாட்சி சொன்னால்கூட நம்பமாட்டார்.

தீர்ப்பு: ஞாயிறு சாயங்காலம் சைக்கிள் அப்பாவின் நண்பர் வாசுதேவன் அங்கிள் வீட்டுக்கு, அவர் பெண்ணுக்காகப் போகிறது. திங்கள் முதல் நான் காலேஜுக்கு வேனில். அந்த வேனில் பதினோரு பேர், எல்லோர் டிபன் வாசனையும் சேர்த்து இருபத்திரண்டு.

வேன்கூடப் பரவாயில்லை. நான் அப்பாவைத் தள்ளிவிடுவேன் என்று அப்பா நினைக்கிறாரே, அதுதான்.

3 அக்டோபர், வெள்ளி

அப்பா கம்பெனி பஸ்ஸில் போனார், நொண்டிக்கொண்டே. பைக்கில் காலை மாற்றிப் போட முடியவில்லையாம்.

காலேஜ் விட்டு வந்ததும் விசாரணை. முதல் சந்தேகம் கம்பி. கம்பி தளர்ந்திருந்தால் பிடியை அழுத்தும்போது ஹேண்டில் வரைக்கும் தொளதொளவென்று வரும். அப்படி வரவில்லை. பாதியிலேயே கல் மாதிரி நின்றது. ஆக, கம்பி நிரபராதி. ஆனாலும் திருகினேன். ஒன்றும் ஆகவில்லை.

4 அக்டோபர், சனி

இரண்டாவது சந்தேகம் ரப்பர். அது ரிம்மின் பக்கவாட்டில் நட்ட நடுவே போய் உட்கார வேண்டும். மேலே ஏறினால் டயரைக் கடிக்கும், கீழே இறங்கினால் சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்குள் நழுவும். என்னுடையவை நடுவில்தான் உட்காருகின்றன. முன்நுனி முதலில் தொடுகிற மாதிரி ஒரு இழை சாய்த்தும் வைத்தேன். பின்பக்கம் பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகி, பிரேக்கைப் பிடித்தபடி நட்டை முறுக்கி, டிக்கெட்டை உருவிவிட வேண்டும். அப்படிச் செய்தால் கிறீச்சிடாது.

கிறீச்சிடவில்லை. நிற்கவும் இல்லை. சத்தமே இல்லாமல், மரியாதையாக, நிற்காமல் போகிறது.

ஹரி பக்கத்தில் நின்று, "அக்கா, ஒத்துக்கோயேன். அப்பா மன்னிச்சிடுவாரு" என்றான். செய்யாததற்கு மன்னிப்பு! செய்தவற்றுக்கே நான் கேட்டதில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

இன்று நிறைய நடந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானம் கடைசி முயற்சியாக ஹரியின் சைக்கிளை எடுத்தேன். பூஜைக்குப் பிறகு அவன் அதை ஓட்டவே இல்லை. அதில் சரியான பிரேக் எப்படி நிற்கிறது என்று பார்த்து, என்னுடையதோடு ஒப்பிடலாம் என்று. சரிவில் விட்டு அழுத்தினேன். அதுவும் நிற்கவில்லை! காலை ஊன்றித்தான் நிறுத்தினேன்.

இரண்டு சைக்கிளுக்கும் ஒரே வியாதியா? கம்பி சரி, ரப்பர் சரி. அப்புறம் என்ன மிச்சம்? அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். ரப்பர் தானாக எதையும் நிறுத்தாது. அது எதைப் பிடிக்கிறதோ அதுவும் சேர்ந்துதான் பிரேக். பிரேக்கில் பாதி ரிம்தான். இரண்டு நாளாகப் பாதி பிரேக்கை நான் பார்க்கவே இல்லை.

ரிம்மை விரலால் தடவினேன். வழவழ. மோந்து பார்த்தேன்.

தேங்காய் எண்ணெய்.

மாடிக்கு ஓடினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா! சக்கரத்துக்கு எண்ணெய் போட்டீங்களா?"

"ஆமா கண்ணு. பூஜைக்குத் தொடைச்சப்போ ரெண்டு சொட்டு விட்டேன். என்னமா மின்னுச்சு பாத்தியா?"

நான் ஜெயித்துவிட்டேன்! குதிக்க வாயைத் திறந்தேன், திறந்த வாயில் வேறு கேள்வி வந்தது. "வேற எதுக்கெல்லாம் போட்டீங்க?"

"ஒங்கப்பா பைக்குலயும்தான். முன்னாடி சக்கரத்துல ஓட்டை ஓட்டையா ஒரு தட்டு இருக்குமே, துருப்புடிச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்குக் கொஞ்சம் தாராளமாவே விட்டேன்."

அந்தத் தட்டுதான் பைக்கின் முன் பிரேக்.

"அப்பா எங்க?"

"கால் சரியாப் போச்சுன்னு, சைக்கிள எப்போ கொண்டாறதுன்னு கேக்க பைக் எடுத்துட்டு வாசுதேவன் வீட்டுக்குக் கெளம்பினாரு. இப்பத்தான், சாவியோட..."

லிஃப்டுக்கு நிற்கவில்லை. நான்கு மாடியும் படியில். அப்பா ஹெல்மெட் மாட்டி, பைக்கில் உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணிவிட்டார். நேராகப் போய் முன் சக்கரத்தை இரண்டு முட்டிக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு நின்றேன்.

"எறங்குங்கப்பா. பிரேக் பிடிக்காது."

"அம்மிணி, தள்ளு."

"நெசமாங்கப்பா. எண்ணெய்."

"எனக்கே வித்தை காட்டறியா? சைக்கிள் போகப்போகுதுன்னு இப்படி ஒரு நாடகமா? தள்ளுடி அக்கட்டால!"

ஷிண்டே காகா புது நாற்காலியிலிருந்து எழுந்து தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அப்பா ஆக்சிலரேட்டரை முறுக்கினார், பயமுறுத்தத்தான். நான் நகரவில்லை. அழுகை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுது நடிக்க நன்றாக வரும், அதனால்தான் அப்பா இந்த அழுகையையும் நம்பவில்லை. என் திறமையே எனக்கு எதிரி. எப்படிப் பேசினால் உண்மை மாதிரி இருக்கும் என்று தெரியாமல் நின்றேன்.

அப்போது அம்மா வந்தாள். நைட்டி மேல் துண்டு, ஒரு கையில் பாதி உரித்த வெங்காயம், மறு கையில் தேங்காய் எண்ணெய் பாட்டில்.

"ஏனுங்க, அவ மேல தப்பில்லீங்க. நான்தானுங்க. சைக்கிளுக்கும் நான்தான், இதுக்கும் நான்தான்."

அப்பா எஞ்சினை அணைத்தார். இறங்கினார். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி பைக்கைத் தள்ளினார். பைக் சாதுவாக நகர்ந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி நகர்ந்தது.

அப்பா ஷிண்டே காகாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கேட்டுக்கு வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன ஆச்சு என்று மராத்தியில் கேட்டார் காகா, "காய் ஜாலா, சாஹேப்?"

"காஹீ நாஹீ", ஒன்றுமில்லை, என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "முட்டில அடி பட்டுதா?" என்றார்.

"இல்லீங்கப்பா."

அம்மாவைத் திட்டுவார் என்று நினைத்தேன். "எண்ணெய தலைக்கு வெய்யி, லலிதா" என்று மட்டும் சொன்னார். அம்மா சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. வெங்காயம் வேறு கையில் இருந்தது.

6 அக்டோபர், திங்கள்

காலேஜ் மட்டம். அப்பாவே லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தார்! பைக்கை மெக்கானிக் வந்து தள்ளிக்கொண்டு போனார். தட்டைக் கழுவி, பிரேக் கட்டைகளைப் புதிதாகப் போடவேண்டுமாம். சைக்கிள்களை நானும் ஹரியும் பார்த்துக்கொண்டோம். பாத்திரம் கழுவும் லிக்விடால் ரிம்மை இரண்டு தரம் கழுவி, துணியால் துடைத்து, ரப்பரின் எண்ணெய் குடித்த மேல்தோலை உப்புத்தாளால் தேய்த்தோம். அம்மா துணியோடு உதவிக்கு வந்தாள். இரண்டு பேரும் ஒரே குரலில் "வேண்டாம்!"

11 அக்டோபர், சனி

சைக்கிளில்தான் போகிறேன். வாசுதேவன் அங்கிள் பெண்ணுக்கு அப்பா வேறு சைக்கிள் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வேனில் இப்போதும் பதினோரு பேர்.

காலையில் பைக் திரும்பி வந்தது. நான் பார்க்கிங்கில் காற்றடித்துக்கொண்டிருந்தேன். அப்பா சாவியோடு வந்து நின்றார்.

"பிரேக்கப் பாத்தியா அம்மிணி?"

"பாத்தேங்கப்பா."

"பிடிக்குதா?"

என்ன ஒரு வாய்ப்பு. நாக்கு நுனியில் நாலு பதில் வரிசையில் நின்றன, நாலும் நன்றாகவே இருந்தன.

"பிடிக்குதுங்கப்பா" என்றேன்.

சரி என்று தலையாட்டினார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஒருமுறைகூட பிரேக்கை அழுத்திப் பார்க்காமல், நேராகச் சரிவில் ஏறி, லாரிகள் போகும் நெடுஞ்சாலைக்குப் போனார்.