பக்கத்து நாற்காலியின் தயிர்

மார்ச் 3, செவ்வாய்
டயாலிசிஸ் நாள். பக்கத்து நாற்காலிக்குப் புதிதாக ஓர் ஆள். ஊசி குத்தி ரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்ததுதான் தாமதம், பையிலிருந்து தயிர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டார். சிறுநீரகம் போனவருக்குத் தயிர்! பால், தயிரில் இருக்கும் பாஸ்பரஸ் நமக்கு எலும்பை அரித்துவிடும் என்றேன். "மெஷின் சும்மாவா சுத்துது சார்? கழுவிடும்" என்று இளிக்கிறார். பாஸ்பரஸை மெஷின் அரைகுறையாகத்தான் எடுக்கும் என்பதுகூடத் தெரியாத ஜென்மம். 'தயிர்க்கிண்ணம்' என்று பெயர் வைத்தாயிற்று.

மார்ச் 5
மறுபடியும் தயிர். ஸ்பூனை வேறு நக்குகிறார்.

மார்ச் 10, செவ்வாய்
ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. என் பாஸ்பரஸ் ஏழரை; ஐந்தரையைத் தாண்டக் கூடாது. எனக்குச் சனி பிடித்திருப்பதை எண்ணே சொல்கிறது. அடுத்த மாதமும் இறங்காவிட்டால் எலும்பைக் கரைக்கும் சுரப்பியை எடுக்கக் கழுத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டிவரலாம் என்கிறார் டாக்டர். கழுத்தில்! பால், தயிர், சீஸ் எதையும் தொடாதவன் நான். கடுங்காப்பி குடித்தே நாக்கு செத்துவிட்டது.
தயிர்க்கிண்ணத்துக்கு நாலரையாம். நர்ஸ் கைகொடுக்கிறாள். லேபில் ட்யூபை மாற்றியிருப்பார்கள் — வேறென்ன?

மார்ச் 12
மாற்றவில்லையாம். தயிர்க்கிண்ணம் கேட்டார்: "பாஸ்பரஸ் மாத்திரைய எப்ப சார் போடுறீங்க?"
"காலைல எழுந்ததும், மூணையும் ஒண்ணா, வெறும் வயித்துல. ஒருநாள் தவறினதில்ல." பெருமையாகத்தான் சொன்னேன்.
"ஐயையோ! சாப்பாட்டுல இருக்குறதப் பிடிக்கிற மாத்திரை சார் அது. நர்ஸம்மா, இவர் திருடன் வராத நேரமாப் பார்த்து வாட்ச்மேனை டூட்டிக்கு அனுப்புறாரு!"
வார்டே சிரித்தது. அவர் தின்பது உணவு நிபுணர் அளந்து சொன்ன அரைக் கிண்ணமாம். அதுவும் மாத்திரையை மென்றுகொண்டுதானாம்.
வீட்டுக்கு வந்து டப்பாவைப் பார்த்தேன். 'உணவுடன் மென்று'. வாழ்நாள் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்தியவன் கண்ணில் இது படவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன். எனக்குத் தெரியும்னீங்க" என்கிறாள் மனைவி. சொல்லியிருப்பாள். நான் எங்கே கேட்டேன்? சீ, என்ன மனுஷன்!

மார்ச் 14
சாப்பாட்டோடு மெல்கிறேன். சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது. தயிர்க்கிண்ணத்திடம் பேசவில்லை. சரியாகச் சொல்லித் தொலைத்தவர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

ஏப்ரல் 9, வியாழன்
பாஸ்பரஸ் ஐந்தே கால். கழுத்தில் கத்தி வைக்க வேண்டாமாம். என்னைவிடத் தயிர்க்கிண்ணம்தான் சத்தமாகக் கத்தினார். காது போயிற்று. நாகரிகமே தெரியாத ஆள்.
உணவு நிபுணர் எனக்கும் கொஞ்சம் தயிர் அனுமதித்திருக்கிறார். ஊசி எடுக்கும்போது, அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னேன்: "சனிக்கிழமை வரும்போது ஸ்பூன் ரெண்டா எடுத்துட்டு வாங்க."