பல்லில் பட்ட களிமண்

தம்பிக்கு,

அப்பாவின் அடக்கத்துக்கு வண்டிப்பெரியாரிலிருந்து ஃபாதர் வந்திருந்தார். உன்னைப் பற்றி அதிகம் பேர் கேட்கவில்லை. கேட்டவர்களிடம் லீவு கிடைக்கவில்லை என்றேன்.

ஆளுக்கொரு பிடி மண் போடும்போது, நான் என் பிடியைப் போடாமல் பல்லில் வைத்துக் கடித்துவிட்டேன். மண் ஆய்வுக்கூட வேலையில் வந்த பழக்கம்; மணலா களியா என்று பல் சொல்லிவிடும். சித்தி அலறினாள்: "ஏட்டி, குழி மண்ண வாயில வைக்கியே!"

நறநறக்கவில்லை. வெண்ணெயாக வழுக்கியது. அசையாத தண்ணீரில் மட்டுமே படியும் களிமண் அது. குனிந்து பார்த்தேன். குழியின் அடியில் அந்தக் களிமண் தாள் தாளாகக் கிடந்தது. அதற்கு மேலே நெஞ்சுயரத்துக்குச் சேறும் கல்லும் கலந்திருந்தன. ஆறு உருட்டிய கல் என்றால் முனை மழுங்கியிருக்கும். இவை கூராக இருந்தன. நம் வீட்டுக்கு மேலுள்ள பாறையில் மினுங்கும் அதே மைக்கா இவற்றிலும் மினுங்கியது. என்றோ ஒருநாள் அந்த மலை சரிந்து இங்கிருந்த குளத்தை மூடியிருக்கிறது.

இன்னும் குனிந்தேன். அழுகிறேன் என்று நினைத்துத் தாங்கிப் பிடித்தார்கள்.

பாறைக்கும் கல்லறைக்கும் நடுவில்தானே நம் வீடு? அம்மாவை என்னோடு வந்துவிடும்படி கூப்பிட்டேன்.

"உன் தம்பி வந்து அப்பாவுக்கு மண்ணு போடாம இந்த வீட்ட விட்டு எறங்க மாட்டேன்" என்கிறாள்.

மழை பிடித்துவிட்டது.

உன் அக்கா