ஒன்றுகூட ஆடவில்லை

கனகலட்சுமிக்கு,

நம் தெருவில் இனிக் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லி, நீ சமயநல்லூரில் உன் அம்மா வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. நேற்று ஒத்தக்கடையில் ஒரு வீடு பார்த்தேன். போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. தெருவில் சத்தமில்லை.

சாக்கடையை முழுக்க சிலாப் போட்டு மூடியிருக்கிறார்கள். இந்த முக்கிலிருந்து அந்த முக்கு வரை ஒவ்வொரு சிலாப்பிலும் ஏறி நின்று மிதித்துப் பார்த்தேன். ஒன்றுகூட ஆடவில்லை. புரோக்கர் சிரித்தார்.

"அண்ணே, வீட்டப் பாக்க வந்தீகளா, சாக்கடையப் பாக்க வந்தீகளா?"

அவருக்கு என்ன தெரியும்? நம் வாசல் சிலாப் ஆடுகிறது என்று ஐப்பசி மழைக்கு முன்பே நீ சொன்னாய். நாளைக்குப் பார்க்கலாம் என்றது நான்தான். மழையன்று அவன் அதில்தான் கால் வைத்தான்.

எதிர்வீட்டு அம்மா, "உங்களுக்குப் புள்ளைக எத்தன?" என்று கேட்டார்.

"ஒரு பையன். மூணாவது படிக்கிறான்" என்று சொல்லிவிட்டேன்.

"ஸ்கூல் வேன் வாசலுக்கே வந்துரும்" என்றார். எத்தனை மணிக்கு என்றும் கேட்டேன். ஏழே முக்காலுக்காம்.

நீயும் ஒருமுறை வந்து பார். அந்த அம்மா கேட்டால் மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
அவன் அப்பா