விலக்கு மேலே வரவேண்டும்

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் வக்கீல் அலுவலகத்தின் டைரக்டரி சர்வருக்கான அணுகல் விதிகளை இன்று எழுதி முடித்தேன். ஊழியர்கள், கட்சிக்காரர்கள் அனைவரின் பெயரும் விலாசமும் அதில்தான் இருக்கின்றன. யார் எதைப் பார்க்கலாம் என்று இதுவரை ஒருவரும் வரையறுக்கவில்லை. கணினிப் பொறியாளர் மாதம் ஒருமுறை மட்டும் வருபவர். "சட்டம் எழுதுறவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா சார்?" என்று விதிகளை எழுதும் வடிவத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார். பதினொரு விதிகள். பொதுவிதி முதலில், விலக்குகள் அதன் கீழே. படிக்கும்போது ஒரு சட்டப்பிரிவைப் போலவே இருக்கிறது. சற்றுப் பெருமையாக இருப்பதை இங்கே மறைப்பானேன்.

மார்ச் 4, புதன்

தையற்கார அம்மா வந்திருந்தார். கணவரைப் பிரிந்து வழக்குத் தொடுத்திருப்பவர். கணவர் இரண்டு முறை கதவை உடைத்தவர். புது வீட்டு விலாசத்தைக் கொடுக்குமுன் வெகுநேரம் தயங்கினார்.

"உங்க தபால் பிரிவுல எழுத்தரா இருக்குறது என் கொழுந்தன் சார். நல்லவன்தான். ஆனா அவங்க அண்ணன் உருட்டி மிரட்டிக் கேட்டா உளறிடுவான்."

பன்னிரண்டாவதாக ஒரு விதி சேர்த்தேன்: இவருடைய பதிவைச் சீனியர், நான், எங்கள் இளம் வழக்கறிஞர் ஆகிய மூவரைத் தவிர வேறெவரும் பார்க்கலாகாது. என் கணினியிலிருந்து திறந்து பார்த்தேன், விலாசம் தெரிந்தது. விதி செயல்படுவதாகக் குறித்துக்கொண்டேன். அவருக்கு அதை எழுத்து மூலமாகவே உறுதியளித்துக் கையொப்பமிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

விதிகளைப் பற்றி ஒருவரும் முறையிடவில்லை. நல்ல சட்டம் என்பதற்கு அதுவே அடையாளம்.

மார்ச் 13, வெள்ளி

காலையில் வரவேற்பில் இருக்கும் அம்மா சாதாரணமாகக் கேட்டார்: "சார், தையற்காரம்மாவுக்கு நோட்டீஸ் அனுப்பணும். புது விலாசத்துக்கா, பழசுக்கா?"

புது விலாசம் அவருக்கு எப்படித் தெரியும்?

பொறியாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். விதிகளைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"சார், அது மேலருந்து கீழ படிக்கும். பொருந்துற முதல் விதி வந்ததும் நின்னுடும். ‘ஊழியர் அனைவரும் பார்க்கலாம்’னு நீங்க மேலயே எழுதிட்டீங்க. அதுக்குக் கீழ இருக்குற எதையும் அது படிக்கவே இல்ல."

முப்பது வருடமாக இப்படித்தானே எழுதுகிறேன் — முதலில் விதி, பிறகு "எனினும்". நீதிபதி கடைசி வரி வரை படிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறவன் நான். சரிபார்த்ததும் என் கணக்கிலிருந்தேதான். அனுமதி உள்ளவன் திறந்தால் திறக்காமல் என்ன செய்யும்? என்ன பண்ணி வெச்சிருக்கேன் நான்.

விலக்குகளை மேலே ஏற்றினேன். இம்முறை வரவேற்பு அம்மாவை அவர் கணினியிலேயே தேடச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை.

பிறகு சர்வரின் லாக்கைப் பார்த்தேன். யார் எந்தப் பெயரைத் தேடினார்கள், எந்தப் பதிவை எப்போது திறந்தார்கள் என்பது அதில் இருக்கும். ஒன்பது நாளில் அனுமதியில்லாத இரண்டு பேர். இன்று வரவேற்பு அம்மா. மார்ச் 6, காலை 11.20 — தபால் எழுத்தர்.

மார்ச் 14, சனி

மனைவியிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நீங்க கடைக்கு எழுதிக் குடுக்குற சீட்டே அப்படித்தானே. ‘தக்காளி ஒரு கிலோ’ன்னு மேல இருக்கும். ‘பழுத்திருந்தால் வேண்டாம்’னு பின்பக்கம் இருக்கும்" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தம்மாகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள். சொல்ல வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

நடந்ததையும் அந்த அம்மாவிடம் சொல்லப்போவதையும் சீனியரிடம் சொன்னேன். "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. நாமளே வலியப் போய் எதுக்குய்யா சொல்லணும்?"

"கையெழுத்துப் போட்டது நான் சார்."

"அந்தம்மா கேஸ் கட்டைத் தூக்கிட்டு வேற வக்கீல்கிட்டப் போனா, எங்கிட்ட வந்து மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு நிக்காத."

எழுத்தரைத் தனியே அழைத்தேன். மழுப்பவில்லை. "பாத்தேன் சார். உறை ஒட்டுறதுக்கு விலாசம் எடுக்கும்போது வரிசையில அண்ணி பேரு வந்துது. கை போயிடுச்சு."

"உங்கள் அண்ணனிடம்?"

"ரெண்டு தடவ கேட்டான். தெரியாதுன்னுட்டேன். எனக்குப் பொய் வராது சார். மூணாவது தடவ கேட்டான்னா மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்."

அவரை நம்புகிறேனா? நம்புகிறேன் என்றே தோன்றுகிறது. ஆனால் நம்பிப் பார்க்கும் உரிமை எனக்கில்லை, ஆபத்து வேறொருவருடையது.

மார்ச் 17, செவ்வாய்

அந்த அம்மா வேலை செய்யும் தையற்கடைக்கே போனேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. ஒரு கைப்பகுதியை முழுதாகத் தைத்து முடித்தார்.

"ஒம்போது நாளா?"

"ஆமாம்."

"அந்த ஒம்போது நாள்தான் சார் நான் நல்லாத் தூங்குனேன்."

கொழுந்தன் சொன்னதையும் சொல்லிவிட்டு வந்தேன். கட்டைத் திரும்ப வாங்குவதா என்று யோசிக்க வேண்டும் என்றார். இன்றிரவு தங்கை வீட்டில் படுத்துக்கொள்வாராம்.

மார்ச் 18, புதன்

தகவல் இல்லை.

மார்ச் 20, வெள்ளி

வந்தார். கொழுந்தனைக் கூப்பிடச் சொன்னார். என் அறையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எழுத்தர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, வீடு மாறிடுங்க. எனக்குத் தெரிஞ்ச விலாசம் பழசாயிடட்டும். அவன் கேக்குறப்ப எனக்கு நெஜமாவே தெரியாம இருக்கணும்."

"மறுபடியும் மூட்ட கட்டச் சொல்றியா? உங்க குடும்பத்துக்கு இதே பொழப்பாப் போச்சு."

"நான் வந்து தூக்கிக் குடுக்குறேன்... இல்ல, நான் தூக்குனா புது வீடு தெரிஞ்சிடும். வேன் வரைக்கும் தூக்குறேன்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கவும் அவர் முயலவில்லை. கிளம்பும்போது என் பக்கம் திரும்பினார். "கட்டு இங்கயே இருக்கட்டும். நீங்களா வந்து சொன்னதால விட்டேன் சார். இன்னொரு தடவ இப்படிச் சொல்ல வந்துடாதீங்க."

மார்ச் 28, சனி

குடி மாறிவிட்டார். எழுத்தர் தையல் இயந்திரத்தை வேனில் ஏற்றிவிட்டு, வண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்காமல் நேராக அலுவலகத்துக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். சனிக்கிழமை, அவருக்கு இங்கே வேலை ஒன்றும் இல்லை.

மதியம் அந்த அம்மாவை அருகில் வைத்துக்கொண்டு புது விலாசத்தைப் பதிந்தேன். பிறகு எழுத்தரை அவர் இருக்கையிலேயே தேட வைத்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை. அந்த அம்மா குனிந்து, இன்னொரு முறை தேடு என்றார். தேடினார். ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

லாக்கை இப்போது வாரந்தோறும் படிக்கிறேன். இன்று இந்த வாரத்ததைப் படித்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். தபால் எழுத்தரின் கணக்கிலிருந்து ஒவ்வொரு வேலைநாளும் காலை 9.05க்கு ஒரு தேடல். தேடப்பட்ட பெயர் ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவுடையது. விளைவு ஒவ்வொரு முறையும் சுழியம்.

அழைத்து, லாக்கை அவர் முன் வைத்தேன். காரணம் கேட்டேன், குரலைத் தாழ்த்தியே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"பூட்டியிருக்கான்னு இழுத்துப் பாக்குறேன் சார். நீங்க மறுபடியும் எதையாவது மேல கீழ மாத்தி எழுதிட்டீங்கன்னா?"

நான் தாளை எடுத்து மடித்து வைத்தேன். அவர் கதவு வரை போய்த் திரும்பினார்.

"நாளைக்கு எனக்கு லீவு சார். வரவேற்புல அம்மாகிட்ட சொல்லியிருக்கேன். அவங்க கணக்குலருந்து பாத்துடுவாங்க."