தண்ணீர் முறைப் பட்டியல்

தஞ்சாவூர்,
1.7.2025

அன்புள்ள இசை அக்காவுக்கு,

வேதாரண்யத்துக்கு மாற்றலாகிப் போனதும் எங்களை அடியோடு மறந்துவிட்டீர்கள். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஊரே படிக்கும், அதனால் இந்தக் கடிதம்.

நீங்கள் ஆரம்பித்த பள்ளித் தோட்டத்தை மூடச் சொல்லி மனு வந்திருக்கிறது. கீழத்தெரு காளியம்மாள், நம் ஐந்தாம் வகுப்பு சுடர்விழியின் அம்மா, கொடுத்தார். "நாங்க சேத்துல கெடந்தது போதும் டீச்சர். லீவு நாள்லயும் எங்க தெருப் புள்ளைகதான் தோட்டத்துக்குத் தண்ணி தூக்குது. எம்புள்ளைய படிக்கத்தான் அனுப்புறேன்" என்றார். பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். தலைமையாசிரியரும் மூடிவிடலாம் என்கிறார். நீங்கள் வந்து பேசினால்தான் தோட்டம் பிழைக்கும்.

அன்புடன்,
கனிமொழி

வேதாரண்யம்,
5.7.2025

அன்புக் கனிமொழி,

கோபம் கோபமாக வருகிறது. தோட்டத்தில் பிள்ளைகள் பாத்தியை அளந்து பரப்பளவு படித்தார்கள். புடலங்காயைத் தினமும் அளந்து வரைபடம் போட்டார்கள். அது படிப்பில்லையா? லீவு நாளில் தண்ணீர் ஊற்றப் பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பிள்ளைகளைப் போட்டேன். கீழத்தெரு பக்கத்தில் இருப்பது என் குற்றமா? நான் சாதி பார்த்தவளா? அந்த மனுவை நீ வாங்கியிருக்கவே கூடாது. நான் வந்து யார் முன்னாலும் கைகட்டி நிற்க மாட்டேன்.

இசைவாணி

தஞ்சாவூர்,
9.7.2025

அக்கா,

மனுவை வாங்கியது சரிதான். உங்களுக்காக வாதாடலாம் என்றுதான் பழைய அளவு நோட்டுகளை எடுத்தேன். நான்கு வருட நோட்டுகளில் கீழத்தெருப் பிள்ளை ஒன்றின் பெயர்கூட இல்லை. தண்ணீர் முறைப் பட்டியலில் மெயின் ரோட்டுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. இரண்டு வருடமாகக் குடம் தூக்கும் சுடர்விழியிடம் அளவுகோலைக் கொடுத்தேன். பூஜ்யத்தில் வைப்பதா, ஒன்றில் வைப்பதா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

என் அம்மா நடவுக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார். எனக்குமா இது கண்ணில் படவில்லை? அதுதான் தாங்கவில்லை அக்கா. வருவீர்களா?

கனிமொழி

வேதாரண்யம்,
14.7.2025

கனி,

மூன்று நாளாக உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கையெழுத்து அழகாக இருந்த பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்தேன். தண்ணீர் ஊற்றியவர்கள் களைத்திருப்பார்கள், எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதை இரக்கம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டேன். முதல் பஸ்ஸில் வருகிறேன். கூட்டத்துக்கு முன்னால் காளியம்மாள் வீட்டுக்கு என்னைக் கூட்டிப் போ. மன்னிப்புக் கேட்க வேண்டும். அதன்பிறகும் அவர் மூடத்தான் வேண்டும் என்றால், எனக்காக நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது. தோட்டத்து வேலியை நானே பிரிக்கிறேன்.

இசை