தூக்கித் தள்ள வேண்டிய கதவு

மார்ச் 3
புரோக்கர் வந்து போனார். வீட்டை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதாம்மா. ஆனா இங்க ஆளுங்க குடியிருக்காங்கன்னு நல்லா தெரியுது. அது தெரியக் கூடாது" என்றார். குடியிருக்கிறோமே, தெரியாமல் எப்படி?

இந்த வீட்டை விற்பது என்று எப்போது முடிவானது? மகள் போனில், "அப்பாவுக்கு முட்டி வலிம்மா. மாடி ஏற முடியல. உன்கிட்ட சொல்ல மாட்டாரு, நீயும் கேட்டு வைக்காத" என்றாள். தன் ஊரில் தரைத்தளத்தில் வீடு பார்த்துவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. நான் சரி என்று சொன்ன ஞாபகமே இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 9
சுவரிலிருந்த படங்களை எல்லாம் இறக்கியாயிற்று. ஆணி ஓட்டைகளை அடைத்த பெயிண்டர், "ஆணிலதான் சுவரே நிக்குது போல" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 14
கடுப்பாக இருக்கிறது. தச்சர் வந்து குளியலறைக் கதவைச் சரிசெய்துவிட்டார். இத்தனை நாளும் அந்தக் கதவைத் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும். குடிவந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இப்போது முகம் தெரியாத யாருக்காகவோ அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. அப்ப இந்த வீட்டுல நான் யாரு?

மார்ச் 15
எலக்ட்ரீஷியன் முறை. இத்தனை காலம் ஃபேன் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும். இப்போது ஃபேன் சுவிட்சைப் போட்டால் ஃபேனே சுற்றுகிறது. விளக்குக்காகப் பழைய சுவிட்சையே போட்டுவிட்டு, நானும் இவரும் இருட்டில் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டோம்.

மார்ச் 22
வீடு பார்க்க ஒரு கணவன் மனைவி வந்தார்கள். புரோக்கர் குழாயைக் காட்டுவதற்காகக் குளியலறைக்குள் முதலில் போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நான் பழக்கதோஷத்தில் தூக்கி, தோளால் ஒரு தள்ளு தள்ளினேன். பறந்து போய் அவர் நெற்றியில் மோதியது. நன்றாகப் புடைத்துவிட்டது, பாவம்.

அவர்கள் போனதும் இவர் ஆரம்பித்தார். "வேணும்னே செஞ்ச. விக்க இஷ்டமில்லன்னா வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"கேட்டீங்களா? ஒரு வார்த்தை என்னைக் கேட்டீங்களா?"

"உனக்காகத்தானே விக்கிறேன்! மாடி ஏறினா உனக்கு மூச்சு வாங்குதுன்னு மகதான் சொன்னா. கேட்டா ரோஷப்படுவேன்னு நான் வாயே திறக்கல."

"எனக்கா? உங்க முட்டின்னுல்ல என்கிட்ட சொன்னா!"

"என் முட்டிக்கு என்ன கேடு?"

இருவரும் ஒரே நேரத்தில் போனைத் தேடினோம். மகள் எடுக்கவில்லை. கெட்டிக்காரி. கோபமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. இவர் சொன்ன மாதிரி வேண்டுமென்றேதான் தள்ளினேனா? சத்தியமாகத் தெரியவில்லை.

மார்ச் 23
இவருக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம் என்றால் விஷயம் முடிந்ததுதானே? பிறகு ஏன் ரெண்டு பேரும் அதைச் சொல்ல மாட்டேங்கிறோம்? காலையிலிருந்து மாடிப் பக்கமே யாரும் போகவில்லை.

மார்ச் 25
புரோக்கர் போன் செய்தார். நெற்றி பரவாயில்லையாம். அந்தக் கணவன் மனைவிக்கு வீடு பிடித்துவிட்டதாம், இன்றே பதில் வேண்டுமாம். இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்லட்டும்? நீ சொல்றதுதான்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "குடுத்துடலாம்" என்று வந்தது. ஏன்? கேட்டுவிட்டாரே, அதனாலா? அழுகை வேறு வந்துவிட்டது. இவர் பயந்துபோய் மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன்.

மார்ச் 26
மேலே இருக்கும் துணிகளை எடுத்து வைக்க இரண்டு பேரும் மாடி ஏறினோம். பாதியில் நான் மூச்சு வாங்க நின்றேன். இவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்று யாரும் மறைக்கவில்லை.