கொண்டைக்குள் ஒளித்த குளிசைகள்

என் புருசனுக்குத் தங்கையாகி, எனக்கு உயிராகிப் போன யோகம் மச்சாள்,

நீ இருந்திருந்தால் இப்போது என்னை நன்றாக ஏசியிருப்பாய். எனக்குச் சிறுநீரகம் பழுதாம், எலும்பும் இளகிவிட்டதாம். டொக்டர் எழுதித் தந்ததைப் புளியந்தீவுக் கடையில் வாங்கிப் பெட்டியைத் திறந்தால், உன்னுடைய அதே எண்ணெய் அடைத்த குளிசை. மூன்று கிழமையாக அலுமாரியில் கிடக்கிறது. விழுங்க மனம் வரவில்லை.

உன் தொண்டைக் கழலையை வெட்டிய பிறகுதானே எல்லாம் தொடங்கியது? இரத்தத்தில் கல்சியம் இறங்கினால் பெருவிரலை உள்ளே வைத்து உன் விரல்கள் கூம்பி இறுகிவிடும். "நாள் முழுக்க வயல் வட்டைக்குள்ள வெயிலில நிக்கிறன், எனக்கென்னத்துக்கு விட்டமின் டி?" என்று டொக்டரையே மடக்கினாய். "அந்த விட்டமின உங்கட உடம்பால வேலைக்கு எடுக்க ஏலாது. வேலை செய்யிற வடிவத்திலயே இதுல இருக்கு. ஒரு நாளும் விடப்படாது" என்றார் அவர்.

அந்தச் சண்டைக் காலத்தில், வாவிக்கு அக்கரையில் இருந்த எங்கள் ஊருக்கு மருந்து கொண்டுபோக ஆமியின் அனுமதிக் கடிதம் வேண்டும். கடிதத்தில் பத்துக் குளிசைக்குத்தான் அனுமதி. நான் பெரிய கெட்டிக்காரி அல்லவா, இன்னும் நாற்பதைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டைக்குள் செருகினேன். தோணித்துறையில் சோதித்த ஆமிக்காரி கொண்டையைப் பிடித்து இழுத்தாள். கொத்தாக மயிர் அவள் கையோடு போனது. ஐம்பதையும் கொட்டிச் சப்பாத்தால் நசித்தார்கள். அந்த எண்ணெயில் என் முகத்தைத் தேய்த்தார்கள். அனுமதித்த பத்தோடு மட்டும் வந்திருந்தால்?

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்கென்று உன்னைத் தோணியில் ஏற்றினேன். அதே துறையில் இறங்கும்போது உன் வலக்கை இறுகிவிட்டது. "கை விரி" என்று கத்தினான் துவக்கோடு நின்றவன்.

"விரியுதில்ல ஐயா" என்றாய். "குண்டு ஒண்டுமில்ல, அவக்கு வருத்தம்" என்று நானும் குழறினேன். அவன் துவக்குப் பிடியால் உன் மணிக்கட்டில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நோவில் நீ அவன் பக்கம் சரிந்தாய். பின்னால் நின்றவன் மூன்று தரம் சுட்டான்.

கழுத்துத் தழும்புக்குக் கீழே இரத்தம் கொப்பளித்தது. உயிர் போன பிறகுதான் உன் கை இளகியது. விரல்களை நான்தான் ஒவ்வொன்றாக விரித்து, "பாரடா நாயே" என்று அடித்தவனிடம் காட்டினேன். உள்ளே உன் பெருவிரல் மட்டும்தான் இருந்தது. அவன் அடுத்த தோணியைச் சோதிக்கப் போய்விட்டான்.

அவனை நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான். கொண்டை விசயம் தெரியாமலே உன் அண்ணனும் செத்துப்போனார்.

நேற்று உன் மகள் நாவற்குடாவில் என் வீட்டுக்கு வந்தாள். பெட்டியைக் கண்டுவிட்டாள். "மாமி, இதக் குடிக்காம விட்டா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாதா?" என்று அழுதாள்.

நாளைக் காலை அவள் திரும்பவும் வருவாள். முதலில் அந்த நாற்பதைப் பற்றி அவளிடம் சொல்வேன். கேட்ட பிறகும் அவள் தண்ணீர் தந்தால், அவள் கையால் வாங்கிக் குளிசையை விழுங்குவேன். தராவிட்டாலும் வெறும் வாயில் விழுங்குவேன். இது சத்தியம்.

உன் அண்ணன் பெண்சாதி,
கனகம் மச்சாள்